காத்தாயி கூடை கவிழ்த்த கதை

நெல்லுதான் கூலின்னு இருந்த காலம். காசைக் கண்ணால பார்க்கிறது திருவிழாவுக்குத் திருவிழா. அந்தக் காலத்துல, கடுவையாத்துக்குத் தென்கரையில, நரியஞ்சேத்தின்னு ஒரு ஊரு. ஊருக்கு ஒரே பண்ணை. பண்ணைக்கு ஒரே வாய்ச்சொல். அந்த ஊருத் தெற்குத் தெருவுல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம்.

எங்க அய்யாவுக்குச் சொந்த அத்தை அவ, அதாவது எங்க தாத்தா பக்கிரிக்கு அக்கா. நான் பார்த்ததில்ல. சொல்றது பூராவும் கேட்டதுதான். எழுதி வெச்ச எதுலயும் அவ பேரு கிடையாது. நம்ம சங்கத்து வட்ட மாநாட்டு மலர்ல நரியஞ்சேத்திப் போராட்டம்னு ஒரு பத்தி இருக்கு. அதுல ரெண்டு ஆம்பளை பேரு போட்டிருக்கு. ரெண்டு பேருமே அன்னிக்கு ஊர்ல இல்ல. போகட்டும், பேரு போனவங்க பேரு வாங்கிக்கட்டும். நீங்க கதையைக் கேளுங்க.

காத்தாயி நெட்டையான பொம்பளையாம். முன்பல்லு ஒண்ணு கிடையாதாம். புருஷன் பாம்பு கடிச்சுப் போயிட்டான், பிள்ளை குட்டி இல்ல. தம்பி பக்கிரி வீட்டுலதான் இருந்தா. தம்பி பொண்டாட்டி செங்கமலம். "எங்க வீட்டுல அடுப்பு எரிய விறகு வேணாம், எங்க நாத்தனா வாயைத் திறந்தா போதும்"னு செங்கமலம் சொல்லுவாளாம். அதைக் கேட்டு முதல்ல சிரிக்கிறதும் காத்தாயிதானாம்.

பண்ணையாரு பேரு சிவக்கொழுந்து. தெற்குத் தெரு சனங்க அவரு பேரைச் சொல்லக் கூடாது. 'ஆண்டே'ன்னுதான் கூப்பிடணும். அவரு வீட்டம்மா ஆச்சி. கூலி அளக்க, ஆளை விரட்ட, பொய் சொல்ல ஒருத்தரு, காரியக்காரர் மாசிலாமணி.

பண்ணை வீட்டுக் கொல்லையில ரெண்டு பத்தாயம் இருந்துச்சாம். பத்தாயம்னா ஆள் உயரத்துக்கு மேல, பலாப் பலகையில அடிச்ச நெல்லுப் பெட்டி. கிழக்கால நின்னது சாப்பாட்டுப் பத்தாயம். மேற்கால நின்னது கூலிப் பத்தாயம். ஒரே வயல்ல விளைஞ்ச நெல்லு, ஒரே களத்துல அடிச்ச நெல்லு. பத்தாயத்துக்குள்ள போறப்ப மட்டும் சாதி பிரிஞ்சிடும்.

சாப்பாட்டுப் பத்தாயத்துக்குப் போற நெல்லு நல்லாக் காயணும். பல்லுல கடிச்சா கடக்குன்னு உடையணும்; நசுங்கினா மறுபடியும் வெயிலுக்குப் போகணும். காய்ஞ்ச நெல்லை உடனே கொட்டக் கூடாது, சூடு ஆறணும். அப்புறம் ஒரு அடுக்கு நெல்லு, அது மேல ஒரு அடுக்கு இலை. நிழல்ல உலர்த்தின வேப்பிலை, நொச்சி இலை, புங்கன் இலை. மறுபடி நெல்லு, மறுபடி இலை. வசம்பை இடிச்சுத் துணியில முடிஞ்சு மூலைக்கு மூலை. கடைசியில வாயை மூடிப் பலகை இடுக்கெல்லாம் சாணியும் மண்ணும் குழைச்சுப் பூசணும். வருஷம் திரும்பினாலும் ஒரு பூச்சி எட்டிப் பார்க்காது.

இது ஏதோ ரகசியம்னு நினைக்காதீங்க. ஆச்சிக்குத் தெரியும், ஆண்டேக்குத் தெரியும், காரியக்காரருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். செஞ்சது யாரு? தெற்குத் தெருப் பொம்பளைங்க. காத்தாயி பத்தாயத்துக்குள்ள இறங்கி இலை பரப்புவா, மத்தவங்க மேல நின்னு கொட்டுவாங்க. செஞ்சு முடிச்சிட்டுக் கையை உதறிட்டு வந்திடணும். அந்த நெல்லு அவங்க வாய்க்கு வராது.

கூலிப் பத்தாயத்துக்கு இலையும் கிடையாது, வெயிலும் கிடையாது. பனி ஈரத்தோட அள்ளிக் கொட்டுறது. "திங்கிறவன் என்ன துரையா?" இது காரியக்காரரு கேட்ட கேள்வியாம். ஆடி மாசம் பிறக்கிறதுக்குள்ள பத்தாயக் கதவைத் திறந்தா அந்துப்பூச்சி புகை மாதிரி கிளம்புமாம். நெல்லுக்குள்ள வண்டு குடும்பம் நடத்துமாம். மரக்கால்ல அளந்து கூடையில விழுறது பாதி நெல்லு, பாதி வெறும் கூடு. வீட்டுல கொண்டு வந்து குத்தினா உமி நிறைய இருக்கும், அரிசி தேடணும்.

ஒரு ஆடியில தெருவே சேர்ந்து நின்னுச்சாம். முன்னால காத்தாயி.

"வண்டில்லாத நெல்லு வேணும்!"

அவ்வளவுதான் கோரிக்கை. அவ சொல்ல, சனம் திருப்பிச் சொல்ல, ஊரு அதிர்ந்துச்சாம். கோஷம்னா சுருக்கமா இருக்கணும்னு நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க இல்ல? சுருக்குறப்ப எது வெளியில விழுதுன்னும் பார்க்கணும். அன்னிக்கு அதை யாரும் பார்க்கல. ஆண்டே வாசல்ல வந்து நின்னாராம். கோவமே படலையாம்.

"வண்டில்லாத நெல்லு வேணும், அம்புட்டுத்தானே? தர்றேன். போய் வேலையைப் பாருங்க."

சனத்துக்குத் தலைகால் புரியல. அன்னிக்குச் சாயங்காலம் தப்படிச்சுக் காத்தாயியைத் தோள்ல தூக்கிட்டுத் தெருவைச் சுத்தி வந்தாங்களாம். கேட்டது கிடைச்சுது. எப்படிக் கிடைக்கப் போவுதுன்னு ஒருத்தரும் கேக்கல.

டவுன்லேருந்து ஒரு பொடி வந்துச்சாம். சாம்பல் நிறத்துல, மூட்டை மூட்டையா. காரியக்காரரு மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு ரெண்டு வெளியூரு ஆளை வெச்சுக் கூலிப் பத்தாயத்துல அள்ளிக் கொட்டிக் கிளறி விட்டாராம். அதைத் தெற்குத் தெருவுல யாரும் பார்க்கல. அடுத்த கூலிக்குப் பார்த்தா ஒரு வண்டு உயிரோட இல்ல. நெல்லுல ஒரு வாடை மட்டும். பூஞ்சக்காளான் வாடைன்னு ஒருத்தி சொல்ல, மண்ணெண்ணெய் மாதிரின்னு இன்னொருத்தி சொல்ல, காத்தாயி காரியக்காரரையே கேட்டாளாம்.

"என்னய்யா போட்டீங்க?"

"என்ன போடுவாங்க? வேப்பிலைதான்."

"வேப்பிலை வாடை எனக்குத் தெரியாதா?"

"பத்தாயத்துக்குத் தார் பூசினோம்டி. வண்டிருந்தாலும் குத்தம், வண்டில்லைன்னாலும் குத்தமா? உங்க சனத்துக்கு எதைக் குடுத்தாலும் ஆகாது."

சொன்னா நம்பணும். அவரு காரியக்காரரு.

ஆடியில கோஷம், ஆவணியில பொடி, புரட்டாசியில கோழி, ஐப்பசியில பொம்பளை. இந்தக் கதையைச் சொல்றவங்க இப்படித்தான் சொல்லுவாங்க.

புரட்டாசியில தெற்குத் தெருக் கோழிங்க செத்துச்சாம். புடைக்கிறப்ப விழுற கருக்காயையும் நொய்யையும் பொறுக்கித் திங்கிற கோழிங்க. இறக்கை அடிச்சுக்கும், சுத்திச் சுத்தி வரும், விழும். "கழிச்சல் நோய்"னு பக்கிரி சொன்னான். "கழிச்சலே இல்லாத கழிச்சலாடா?"ன்னு காத்தாயி கேட்டா. அரிசி களைஞ்ச தண்ணியைக் குட்டையில ஊத்தினா, கெண்டைக் குஞ்சு வெள்ளையா மிதந்துச்சாம். ஆண்டே வீட்டுக் கோழிங்க மட்டும் கொழுகொழுன்னு தெருவுல நடந்துச்சாம். காத்தாயி அதைப் பார்த்துக்கிட்டே இருந்தாளாம்.

ஐப்பசியில மழை பிடிச்சுக்கிச்சு. நெல்லு அவிக்க விறகு ஈரம். பச்சை நெல்லாவே குத்திப் பொங்கினாங்க, தவிட்டையும் விடாமப் பிசைஞ்சு தின்னாங்க. செங்கமலம் அப்ப நிறைமாசம். ஒரு மத்தியானம் கஞ்சியைக் குடிச்சிட்டு எழுந்திரிச்சவ தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். வாந்தி. அப்புறம் கையும் காலும் தன்னால ஆடுது. காத்தாயி அவ கையை இறுக்கிப் பிடிச்சாளாம், பிடிச்ச பிடியிலயும் ஆடுதாம்.

மருத்துவச்சி வந்து பார்த்துட்டு, "வயித்துல உசிரு அசையுது, பயப்படாதீங்க. ஆனா இவ திங்கிறதை மாத்துங்க"ன்னாளாம்.

"மாத்தி எதைத் திங்கிறது?"ன்னு பக்கிரி கேட்டானாம். "எங்க வீட்டுல ரெண்டு பத்தாயமா இருக்கு?"

காத்தாயி எழுந்திரிச்சா. வாசல்ல போய் உக்காந்தா. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்தாங்க. அவங்க வீட்டுலயும் இப்படித்தான், ஒருத்திக்கு வாந்தி, ஒருத்தி பிள்ளைக்கு நடுக்கம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்பத்தான் காத்தாயி சொன்னாளாம்:

"வண்டில்லாத நெல்லு வேணும்னு நாமதான் கேட்டோம். வண்டும் நாமளும் ஒரே நெல்லைத்தானடி தின்னோம். வண்டைக் கொன்னது நம்மள மட்டும் விட்டுடுமா?"

மறுநாள் கூலி அளக்கிற நாள். நாத்துப் பறிச்ச கூலி, நடவுக் கூலி எல்லாம் சேர்த்து அளக்கணும். வயல்ல பாதி நடவு ஆயிருக்கு, பாதி நாத்தங்கால்லயே நிக்குது. பொம்பளைங்க எல்லாம் கூடையோட கொல்லைக் களத்துல வரிசையா நிக்கிறாங்க. தூத்தல் போட்டுக்கிட்டே இருக்கு. முதல் ஆளு காத்தாயி. காரியக்காரரு மரக்காலை அமுக்கித் தட்டி எடுத்து, ஒண்ணுன்னு சொல்லாம முறைப்படி "லாபம்"னு ஆரம்பிச்சு அவ கூடைப் பக்கம் சாய்ச்சாராம்.

காத்தாயி கூடையைக் கவிழ்த்துட்டா. கவிழ்த்து அது மேலயே உக்காந்துட்டா.

நெல்லு தரையில கொட்டுச்சு. காரியக்காரரு பதறிட்டாராம்.

"என்னடி இது? லட்சுமியைக் காலடியில கொட்டுறே?"

"எனக்குக் கூலி வேணும்யா. அதுக்கு முன்னால ஒண்ணு. இந்த நெல்லை இங்கேயே குத்தி, இங்கேயே பொங்கி, ஆண்டே ஒரு வாய் சாப்பிடட்டும். அவரு சாப்பிட்டா நான் வாங்கிக்கிறேன்."

காரியக்காரரு சிரிச்சாராம். சிரிச்சிட்டு ஆளு அனுப்பினாராம். ஆண்டே குடையோட வந்தாரு. விஷயத்தைக் கேட்டாரு. அவருக்கு உடனே ஒரு வழி கிடைச்சுது. அவருக்கு எப்பவும் கிடைக்கிற வழி.

"உன் கையால பொங்கினதை நான் திங்கிறதா? என்னை என்ன சாதின்னு நினைச்சே?"

 பின் வரிசையில ஒருத்தி, "வாடி காத்தாயி, வேணாம்டி"ன்னு சேலையைப் பிடிச்சு இழுத்தாளாம். காத்தாயி எழுந்திரிக்கல.

"என் கை எதுக்கு ஆண்டே? உங்க வீட்டு உரல். உங்க வீட்டுச் சமையக்காரம்மா. உங்க கிணத்துத் தண்ணி, உங்க அடுப்பு, உங்க பானை. எதையும் நாங்க தொடல. நெல்லு மட்டும் அந்தப் பத்தாயத்து நெல்லு. அதுவும் உங்க வயல்ல விளைஞ்சதுதானே? நெல்லுக்குமா எங்க தீட்டு ஒட்டிக்கிச்சு?"

ஆண்டேக்குச் சாதியும் கைகுடுக்கல. சுத்திலும் பார்த்தாராம். வெளியூரு வண்டிக்காரங்க நிக்கிறாங்க, வாத்தியாரு நிக்கிறாரு, வேடிக்கை பார்க்க வடக்குத் தெருக்காரங்களும் வந்திட்டாங்க. சரி, பொங்கினாப் போச்சு, திங்கிற மாதிரி வாயில வெச்சுட்டுத் துப்பிடலாம்னு நினைச்சிருப்பாரு. "யாருடா அங்கே, ஒரு மரக்காலு உள்ளே கொண்டு போ"ன்னு உத்தரவு போட்டாரு.

நெல்லு கொல்லைக் கதவுப் படி ஏறல. உள்ளேருந்து ஆச்சி சத்தம்.

"எந்தப் பத்தாயத்து நெல்லுடா அது?"

"கூலிப் பத்தாயம் ஆச்சி."

"அறிவிருக்கா உனக்கு? அதுல விஷப்பொடி போட்டிருக்குல்ல? பேரப்பிள்ளைங்க புழங்குற வீடு. அந்த நெல்லு என் அடுப்படிக்கு வரக் கூடாது, எடுத்துட்டுப் போ!"

ஆச்சிக்கு வெளியில நடந்தது எதுவும் தெரியாது. பாவம், அவ வீட்டு அடுப்படியை அவ காப்பாத்தினா. அவ பொய் சொல்லப் பழகாதவ. அந்த வீட்டுல அதுக்குத்தான் தனியா ஆளு வெச்சிருந்தாங்களே.

காரியக்காரரு மரக்காலைக் கீழே வெச்சிட்டாராம். காத்தாயிக்குப் பின்னால ஒரு கூடை கவிழ்ந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வரிசையே கவிழ்ந்துச்சு. மழைக்கு நடுவுல கூடையைக் கவிழ்த்து உக்காந்த பொம்பளைங்களால களம் நிறைஞ்சு போச்சாம்.

ஆண்டே குரல் ஏறிச்சு. "நீங்கதானேடி கேட்டீங்க, வண்டில்லாத நெல்லு, வண்டில்லாத நெல்லுன்னு ஊரைக் கூட்டினது யாரு? இப்ப சொல்லு. வண்டு வேணுமா, மருந்து வேணுமா?"

"ரெண்டும் வேணாம். கிழக்குப் பத்தாயத்தைத் திறங்க."

"என்னது?"

"சாப்பாட்டுப் பத்தாயத்தைத் திறந்து எங்க கூலியை அளங்க. நாங்க காய வெச்ச நெல்லு. நாங்க இலை போட்ட நெல்லு. வர்ற தையில கூலி நெல்லையும் அதே மாதிரி காய வெச்சு, அதே இலை போட்டு வைங்க. செய்யப் போறதும் நாங்கதான். அந்த வேலைக்கும் கூலி அளந்திடுங்க."

"எங்க வீட்டுச் சோத்துல கையை வெக்கிறியா நீ!"

குடை உள்ளே போயிடுச்சு. கதவு சாத்திக்கிச்சு.

நாத்தங்கால்ல நாத்து நிக்குது. நாத்துக்கு வயசு உண்டு, தோழர்களே. பறிக்கிற பருவத்துல பறிக்கலைன்னா முத்திக் கணு விட்டுடும், நட்டாலும் தூர் கட்டாது. அது ஆண்டேயோட கவலை. தெற்குத் தெருவுல உலை வைக்க ஒண்ணும் கிடையாது. அது நம்ம கவலை. எது முதல்ல முத்தும், நாத்தா பசியான்னு பார்க்கிற சண்டை. பகல்ல களத்துல கூடையைக் கவிழ்த்து உக்காருறது, அப்புறம் வரப்புல நண்டு, நத்தை, கீரைன்னு தேடுறது. வீட்டுல இருக்கிற கூலி நெல்லைத் தொடக் கூடாதுன்னு காத்தாயி சொல்லிட்டா. பானையில நெல்லு இருக்க, பட்டினி. அதைத்தான் தாங்க முடியலன்னு சொல்லுவாங்க.

பக்கிரி ஒருநாள் வெடிச்சிட்டான்.

"அக்கா, உனக்கு என்ன, ஒத்தை ஆளு. என் பொண்டாட்டி நிறைமாசம். நாலு தண்ணி கழுவிக் குத்தினா போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாருடா? காரியக்காரரா?"

"யாரோ. நீ வீம்புக்கு நிக்கிறே. உன் கோஷந்தான் இதைக் கொண்டாந்துச்சு, இப்ப உன் வீம்புல சாவணுமா?"

அந்த வார்த்தை காத்தாயியைக் குத்திடுச்சாம்.  உள்ளே படுத்திருந்த செங்கமலம்தான் பேசினாளாம்.

"யோவ், தின்னவ நான். எனக்குத் தெரியாதா? பசி வயித்தைத்தான் பிடிக்கும். அந்த நெல்லு கையைப் பிடிச்சு ஆட்டுச்சு. நான் பசியோட பெத்துக்கிறேன். நீ போய் உங்க அக்கா பக்கத்துல உக்காரு."

பக்கிரி போய் உக்காந்தான். செங்கமலம் வயித்துல அப்ப இருந்ததுதான் எங்க அய்யா.

ஆண்டே ஆத்துக்கு வடகரையிலேருந்து நடவாளுங்களைக் கூட்டியாந்தாராம். கூடையும் முக்காடுமா ஒரு கூட்டம் பாலம் தாண்டி வந்துச்சு. நம்ம சனம் கல்லெடுக்கல, வையல. கவிழ்த்த கூடை மேல உக்காந்தபடியே இருந்தாங்க. வடகரைக் கூட்டத்துல ஒரு வயசான பொம்பளை நின்னு கேட்டாளாம்.

"ஏன்டி, என்ன சங்கதி?"

"கூலி அளப்பாங்க ஆத்தா. எந்தப் பத்தாயம்னு மட்டும் கேட்டுக்க"ன்னாளாம் காத்தாயி. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல.

அந்தக் கிழவி நேரா காரியக்காரருகிட்ட போனா. "அய்யா, கூலி எந்தப் பத்தாயம்?"

காரியக்காரருக்கு முகம் செத்துப் போச்சு. ஊரு பூராப் பார்க்குது. "நெல்லு நெல்லுதானே, எந்தப் பத்தாயமா இருந்தா உனக்கென்ன?"

"எனக்கென்னவா? வயிறு என்னுதுய்யா"ன்னு சொல்லிட்டு, அவளும் கூடையைக் கவிழ்த்தா. வடகரைச் சனம் பூரா வயல்ல இறங்காமக் களத்துல உக்காந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம் கிழக்குப் பத்தாயம் திறந்துச்சாம்.

திறந்தது ஆச்சின்னு சொல்றவங்களும் உண்டு, நாத்துக்குப் பயந்து ஆண்டேயே சாவியைத் தூக்கி எறிஞ்சாருன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு ரெண்டாவதுதான் நம்பிக்கை. கருணைன்னு ஒண்ணு அந்தக் கதவைத் திறந்ததா நான் நம்ப மாட்டேன். பலகையை எடுத்ததும் உலர்ந்த நொச்சி வாசனை களம் பூரா அடிச்சுதாம். போன தையில தாங்க பரப்பின இலையைப் பொம்பளைங்க அப்பத்தான் மறுபடி பார்த்தாங்க. நெல்லைக் கையில அள்ளி ஒருத்தி கடிச்சுப் பார்த்தா. கடக்குன்னுச்சு. அந்தச் சத்தத்துக்கு அழுதவங்க உண்டாம்.

ஆண்டே ஒரு நிபந்தனை போட்டாரு. "எல்லாருக்கும் அளக்கிறேன். இனிமே தையிலயும் நீங்க கேட்ட மாதிரியே நடக்கட்டும். ஆனா இவ என் களத்துல இனி கால் வைக்கக் கூடாது. இவளுக்கு இந்தப் பண்ணையில வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது."

சனம் தயங்கிச்சு. "காத்தாயி இல்லைன்னா எங்களுக்கும் வேணாம்"னு ரெண்டு மூணு பேரு எழுந்திரிச்சாங்களாம். அப்படி எழுந்திரிச்சவங்க ரெண்டு மூணு பேருதான். மிச்சப் பேரு பத்தாயத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பசிச்சவங்க. ஆனா சொல்லாமலும் விட மாட்டேன்.

காத்தாயி தன் கூடையை நிமிர்த்திப் பக்கிரி கையில குடுத்தா. "அளங்கய்யா"ன்னா. களத்தை விட்டு இறங்கிட்டா.

இன்னொரு வேலை பாக்கி இருந்துச்சு. அந்த மேற்குப் பத்தாயத்து நெல்லை ஆண்டே ஒரு வியாபாரிக்குப் பேசி முடிச்சிட்டாரு. வண்டி வந்து நிக்குது. ஏத்துறதுக்கு ஆளு கூப்பிட்டா, காத்தாயி தெரு முனையில நின்னு கத்தினாளாம்: "நம்ம தப்பிச்சிட்டோம்னு ஏத்திடாதீங்க! வேற ஊருல நம்ம மாதிரி ஒருத்தி அதை வாங்கிப் பொங்குவா, அவ வீட்டுலயும் ஒரு நிறைமாசக்காரி இருப்பா!"

ஒருத்தரும் மூட்டையில கை வைக்கல. வியாபாரிக்கும் விஷயம் காதுல விழ, வெறும் வண்டியைத் திருப்பிட்டான். "ஆத்துல கொட்டுங்கடா"ன்னாரு ஆண்டே. மீன் செத்ததைப் பார்த்த சனம், ஆத்துல கொட்ட விடல. கடைசியில தண்ணி ஏறாத மேட்டுத் திடல்ல ஆழமாக் குழி வெட்டி, மிச்சப் பொடியோட சேர்த்துப் புதைச்சாங்க. அவங்க அவங்க வீட்டுப் பானையில இருந்த கூலி நெல்லையும் கொண்டாந்து கொட்டினாங்க. குழி வெட்டின கூலியையும் கிழக்குப் பத்தாயத்துலேருந்துதான் வாங்கினாங்களாம். பொடித்திடல்னு சொன்னா இன்னிக்கும் காட்டுவாங்க. அங்கே ஆடு மேய்க்க மாட்டாங்க, கிணறு வெட்ட மாட்டாங்க.

செங்கமலம் நல்லபடியாப் பெத்தா. பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டக் காத்தாயிக்கு நேரம் இல்ல. ஊருக்குள்ள வேலை கிடையாதே, பாலம் தாண்டி வடகரைக்குத்தான் தினம் நடந்தா. அந்த வயசான பொம்பளையோட கூட்டத்துல சேர்ந்துக்கிட்டாளாம்.

தை வந்துச்சு. அறுப்பு முடிஞ்சு ரெண்டு பத்தாயத்து நெல்லும் ஒரே களத்துல காய்ஞ்சுது. ஒரே இலைக் குவியல்லேருந்து ரெண்டுக்கும் அள்ளினாங்க. அடுத்த கூலி நாளுல மேற்குப் பத்தாயத்தைத் திறந்தப்ப வாடையும் இல்ல, வண்டும் இல்ல. ஆனா யாரும் கவிழ்த்த கூடையை நிமிர்த்தல. ஒரு தரம் சூடு பட்டவங்க. காரியக்காரரு "லாபம்"னு சொல்லிட்டு மரக்காலைத் தூக்கிப் பிடிச்சபடி நிக்கிறாரு.

ஆண்டேக்குப் புரிஞ்சுது. அந்தப் பத்தாயத்து நெல்லை உள்ளே குடுத்தனுப்பினாரு. ஆச்சி பொங்கித் தட்டுல போட்டு அனுப்பினா. சனம் பார்க்க ஒரு கவளம் எடுத்து வாயில போட்டு முழுங்கினாரு. முழுங்கிட்டு, "போதுமா?"ன்னு கேட்டாரு.

வாயைத் திறக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. இன்னிக்குக் கூலி வாங்கணும், நாளைக்கும் வாங்கணும். அப்பக் களத்துக்கு வெளியில, வேலிக்கு அந்தப் பக்கம், வடகரை வேலையைப் போட்டுட்டு வந்து நின்னுக்கிட்டிருந்த காத்தாயி கேட்டாளாம்:

"வயிறு எப்படி இருக்கு, ஆண்டே?"

அவளுக்கு அங்கே கூலி கிடையாது. அதனால அவளால கேக்க முடிஞ்சுது. ஆண்டே அவளைப் பார்த்தாரு, தட்டைப் பார்த்தாரு, மழையில்லாத வானத்தைப் பார்த்தாரு. கடைசியில "நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. அப்புறந்தான் முதல் கூடை நிமிர்ந்துச்சாம்.

அன்னிலேருந்து நரியஞ்சேத்தியில அது முறையாயிடுச்சு. தையில முதல் கூலி அளக்கிறதுக்கு முன்னால, கூலி குடுக்கிறவன் அந்த நெல்லுச் சோத்தை எல்லாரும் பார்க்க ஒரு கவளம் திங்கணும். அதுக்குப் பேரு காத்தாயி கவளம். தின்ன பிறகு வயிறு எப்படி இருக்குன்னு ஒரு பொம்பளை கேக்கணும். அந்தக் களத்துல கூலி வாங்குறவ கேக்கக் கூடாது. அங்கே ஒரு மரக்காலு பாக்கி இருக்கிறவ கூடக் கேக்கக் கூடாது. வெளியிலேருந்து ஒருத்தியைத் தேடிப் பிடிச்சு, கூட்டியாந்து நிறுத்துவாங்க.

பண்ணை போயிடுச்சு. ஆண்டேன்னு கூப்பிட இப்ப ஆளும் இல்ல, கூப்பிட்டா உதை விழும். அறுப்பு மெஷின்ல நடக்குது. கூலி ரூபாயா வருது, நெல்லு பேருக்குக் கொஞ்சம். ஆனா கவளம் நிக்கல. நம்ம சங்கத்து ஆளுங்களே சில பேரு நிலம் வாங்கிட்டாங்க. போன தையில நம்ம கிளைச் செயலாளரு தன் களத்துல நின்னாரு, வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. கவளத்தை வாயில போட்டுக்கிட்டாரு. வடகரையிலேருந்து வந்த ஒரு பொண்ணு வேலிக்கு அந்தாண்ட நின்னு, "வயிறு எப்படி இருக்கு, தோழரே?"ன்னு கேட்டுச்சு.

"அட, நம்மளுக்குள்ள என்னம்மா இதெல்லாம்"னு அவரு சிரிச்சாரு.

கூட யாரும் சிரிக்கல. மரக்காலு நெல்லோட அந்தரத்துல நின்னுச்சு. அவரு சிரிப்பை முடிச்சு, பதிலைச் சொல்ற வரைக்கும் அது சாயல.